நடையைத் திருத்தப் போய் நாம் செய்யும் தவறுகள்

மும்பையில், மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைக்கிறவரிடம், ஒரு மே மாதக் கடைசியில், மழை தொடங்குவதற்கு முன்னால் என் செருப்பைக் கொடுத்தேன். வார் அறுந்திருந்தது. அவர் வாரைப் பார்க்கவில்லை. இரண்டு செருப்பையும் கவிழ்த்து, அடிப்பாகம் தெரியும்படி சேர்த்துப் பிடித்து என்னிடம் காட்டினார். இடது செருப்பில் கோடுகள் இன்னும் புதுசாகத் தெரிந்தன. வலது செருப்பின் குதிகால் ஒரு பக்கமாகச் சரிந்து, வழவழவென்று தேய்ந்திருந்தது. "முழு பாரத்தையும் இந்தக் கால் மேலேயே போடறீங்க" என்றார் ஹிந்தியில்.

பதினெட்டு வருஷமாக லோக்கல் ரயிலில் சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) வரை நின்றுகொண்டே போய்வருகிறவள் நான். என் கால் எப்படி ஊன்றுகிறது என்று ஒரு நாள் கூடப் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். மறுநாளே திருத்தவும் ஆரம்பித்தேன். நெஞ்சை முன்னே தள்ளி, வயிற்றை எக்கி, எட்டி எட்டிக் காலை வைத்து நடந்தேன். பத்தே நாளில் இடுப்பு பிடித்துக்கொண்டது. அம்மாவின் முழங்கால் வலிக்காகப் போய்க்கொண்டிருந்த பிசியோதெரபிஸ்ட் என்னையும் நடக்கச் சொல்லிப் பார்த்தார். "பழைய நடை அவ்வளவு மோசமில்லை. இப்போ திருத்தினதுதான் மோசம்" என்றார்.

அவரிடம் கற்றதும், அதற்குப் பிறகு தேடிப் படித்ததும், ரயிலிலும் பிளாட்பாரத்திலும் மற்றவர்களைப் பார்த்துப் புரிந்துகொண்டதும் சேர்ந்ததுதான் இது. நல்ல நடை என்றால் குறைந்த உழைப்பில் உடல் முன்னே நகர வேண்டும். திருத்தப் புறப்படும்போதோ நாம் விறைப்பைக் கூட்டுகிறோம், அடியைக் கூட்டுகிறோம், வேகத்தைக் கூட்டுகிறோம். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

நெஞ்சைத் தள்ளி நடப்பது

"கூன் போடாதே, நெஞ்சை நிமிர்த்து" என்ற அதட்டலைக் கேட்காமல் நம் வீடுகளில் யாரும் வளர்ந்திருக்க மாட்டார்கள். சொன்னவர்கள் நல்லதுக்குத்தான் சொன்னார்கள். ஆனால் நெஞ்சை முன்னே தள்ளினால் விலா எலும்புகள் மேலே தூக்கிக்கொள்ளும், கீழ்முதுகு உள்ளே வளையும், அந்த வளைவைத் தாங்க முதுகுத் தசை நாள் முழுக்க இறுகியே நிற்கும். வயிற்றையும் எக்கிப் பிடித்தால் மூச்சு மேல் நெஞ்சோடு நின்றுவிடும். எனக்கு இடுப்பு பிடித்தது இப்படித்தான்.

இதற்குப் பதிலாக, உச்சந்தலையில் சற்றுப் பின்னால் ஒரு நூலைக் கட்டி யாரோ மெல்ல மேலே தூக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். கழுத்து நீளும், தாடை தானாகக் கொஞ்சம் உள்ளே வரும். அப்புறம் தோள் இரண்டையும் காது வரை தூக்கி, மூச்சை விட்டபடி பொத்தென்று போடுங்கள். விழுந்த இடத்திலேயே இருக்கட்டும். பின்னால் இழுத்துக் கட்ட வேண்டாம். கூட்டமான பிளாட்பாரத்தில் இடிபடாமல் இருக்கத் தோளை இறுக்கித் தூக்கியபடி நடப்பது நம் எல்லோருக்கும் பழகிப்போன ஒன்று. பாலம் ஏறி இறங்கி ரோட்டுக்கு வந்த பிறகும் அந்தத் தோள் இறங்காமல் அப்படியே இருக்கும். நாளைக்கு ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் ஒரு தடவை கவனித்துப் பாருங்கள்.

தலையில் புத்தகம் வைத்து நடந்து பழகச் சொல்வார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. புத்தகம் விழக்கூடாது என்ற பயத்தில் கழுத்தும் இடுப்பும் மரம் மாதிரி ஆகிவிடும். சர்ச்கேட் பக்கம் நீளமான மரத்தட்டில் முப்பது நாற்பது டப்பாக்களை அடுக்கித் தலையில் சுமந்து வரும் டப்பாவாலாவை, ஆபீஸ்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவரை, பாருங்கள். தலை அசையாது. ஆனால் இடுப்பும் முழங்காலும் நெகிழ்ந்து நெகிழ்ந்து அந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்ளும். சாசூன் டாக் மீன் துறைமுகத்தில் கூடை சுமக்கும் கோலி மீனவப் பெண்களிடமும் இதே நெகிழ்ச்சியைப் பார்க்கலாம். 1986-இல் நேச்சர் அறிவியல் இதழில் வந்த ஓர் ஆய்வு, கென்யாவின் லுவோ, கிகுயூ இனப் பெண்களைப் பற்றியது. தங்கள் உடல் எடையில் 20 சதவீதம் வரை தலையில் சுமந்து நடந்தும் அவர்களுக்குக் கூடுதல் ஆற்றல் செலவாகவில்லை. ஒரு காலிலிருந்து மறு காலுக்கு உடல் ஊசல் போல ஆடிப் போவதை அவர்கள் நம்மைவிடச் சிக்கனமாகச் செய்கிறார்கள் என்பது பின்னால் தெரியவந்த விளக்கம். இதைப் படித்துவிட்டு யாரும் தலையில் மூட்டை தூக்க வேண்டியதில்லை, கழுத்தெலும்புக்கு அது பாரம்தான். அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது மேலே நிமிர்வும் கீழே நெகிழ்வும்.

காலைப் பார்த்து நடப்பது, போனைப் பார்த்து நடப்பது

நம் தலையின் எடை சுமார் 4.5 முதல் 5 கிலோ. அது தோளுக்கு நேர் மேலே இருக்கும்வரை எடை தெரியாது. 2014-இல் அமெரிக்க முதுகெலும்பு மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் ஒரு கணினி மாதிரியை வைத்துக் கணக்குப் போட்டார். தலையை 15 டிகிரி குனிந்தால் கழுத்தெலும்பின் மேல் சுமார் 12 கிலோ, 60 டிகிரி குனிந்தால் சுமார் 27 கிலோ பாரம் வரும் என்றது அந்தக் கணக்கு. ஆளுக்கு ஆள் இது மாறும், கணக்கில் வந்ததெல்லாம் வலியாக மாறும் என்றும் இல்லை. ஆனால் தாதரிலிருந்து தானே வரை குனிந்தே போன் பார்த்துவிட்டு நிமிர்கிறவருக்கு யாரும் எண் சொல்ல வேண்டியதில்லை, கழுத்தே சொல்லும்.

நடந்துகொண்டே மெசேஜ் அடிப்பவர்களை வைத்து நடத்திய ஆய்வுகளில், அவர்கள் மெதுவாகவும் நேர்கோட்டிலிருந்து விலகியும் நடந்தது தெரிந்தது. தலையும் உடம்பும் ஒரே கட்டையாக இறுகிப்போகின்றன. பேவர் பிளாக் பெயர்ந்து கிடக்கும் நம் நடைபாதையில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லவும் வேண்டுமா?

வயசானவர்களிடம் இதே தவறு வேறு மாதிரி வரும். ஒரு தடவை விழுந்துவிட்டால் அப்புறம் கால் நுனியையே பார்த்தபடி நடப்பார்கள். குனியக் குனியப் பாரம் முன்னே போகும், தடுமாற்றம்தான் கூடும். பத்துப் பதினைந்து அடி தூரத்தில் தரையைப் பார்த்து நடக்கலாம். கழுத்தைக் குனியாமல் கண்ணை மட்டும் தாழ்த்தினால் போதும். குழி இருந்தால் மூன்று நான்கு எட்டுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும், காலும் அதற்குள் தயாராகிவிடும்.

எட்டி எட்டி வைப்பது

வேகமாக நடக்க வேண்டும் என்றதும் நாம் காலை முன்னால் நீட்டுகிறோம். குதிகால் உடம்பைவிட வெகு முன்னே போய்த் தரையில் இடிக்கிறது. அது பிரேக் பிடிப்பதற்குச் சமம். ஒவ்வொரு எட்டிலும் தரை நம்மைக் கொஞ்சம் பின்னே தள்ளும், அந்த அதிர்ச்சி முழங்காலில் போய் நிற்கும்.

வேகம் பின்னாலிருந்து வர வேண்டும். பின்னால் இருக்கும் கால், கட்டைவிரலால் தரையை உந்திவிட வேண்டும். குதிகால் மெல்லத் தொட, பாதம் தொட்டில் மாதிரி உருண்டு, கடைசியில் கட்டைவிரல் உந்த, இதுதான் ஒரு முழு எட்டு. அடியைச் சின்னதாக வைத்து எண்ணிக்கையைக் கூட்டுங்கள். நிமிடத்துக்கு நூறு எட்டு என்பது பெரியவர்களுக்கு மிதமான உடற்பயிற்சி அளவு. பத்து விநாடியில் பதினாறு பதினேழு எட்டு வருகிறதா என்று எண்ணிப் பார்த்தால் தெரியும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை சத்தம். நாங்கள் இருப்பது பழைய கட்டடம், மரப்படிகள். யார் ஏறி வருகிறார்கள் என்று கதவைத் திறக்காமலேயே சொல்லிவிடலாம். மூன்றாவது மாடி மாமி வந்தால் படி முனகும், அவ்வளவுதான். அவர் பேரன் வந்தால் சுவர் அதிரும். "தரை அதிர நடக்காதேடா" என்று மாமி கத்துவதை வெறும் ஒழுக்கப் பாடம் என்று நினைத்திருந்தேன். இப்போது அது நல்ல வைத்தியமாகவும் தெரிகிறது. வெறுங்காலோடு வீட்டில் நடந்து பாருங்கள். இரண்டு காலின் சத்தமும் ஒரே மாதிரி இருக்கிறதா? ஒன்று தொப்பென்றும் ஒன்று மெதுவாகவும் விழுந்தால், பாரம் ஒரு பக்கம் போகிறது என்று அர்த்தம். எனக்கு வலது கால்தான் தொப்பென்று விழுந்தது. ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது காலிலேயே சாய்ந்து நின்ற பழக்கம். மாட்டுங்காவிலிருந்து பைகுலா வரை ஒரு கால், அப்புறம் மறு கால் என்று மாற்றி நிற்க ஆரம்பித்தேன். முழங்காலைப் பூட்டிக்கொண்டு நிற்காமல் ஒரு நூல் தளர்த்தி வைத்தால் ரயில் ஆட்டத்துக்குக் கம்பியை அவ்வளவு இறுக்கிப் பிடிக்கவும் வேண்டாம்.

இன்னொன்று. பாதம் இரண்டும் ரயில் தண்டவாளம் மாதிரி நேராக இருக்க வேண்டும் என்று சிலர் திருகித் திருகி நடக்கிறார்கள். கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பியிருப்பது இயல்பு. இடுப்பெலும்பின் அமைப்பு ஆளுக்கு ஆள் வேறு. அதை வலுக்கட்டாயமாக நேராக்கினால் முழங்கால் திருகும்.

கையைக் கட்டிப்போடுவது

கை வீசி நடப்பதைத் திமிர் என்று சொல்லி நம் பெண்பிள்ளைகளை அடக்கியிருக்கிறோம். கையை ஒடுக்கி, துப்பட்டாவையோ பையையோ பிடித்துக்கொண்டு நடப்பதுதான் அடக்கம் என்று பழக்கிவிட்டோம். இது எனக்கு மனசார வருத்தம் தரும் விஷயம். வலது கால் முன்னே போகும்போது இடது கை முன்னே வருவது உடம்பு தன்னைத் தானே சமன் செய்துகொள்ளும் வழி. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், கையை வீசாமல் நடந்தவர்களுக்குச் சுமார் 12 சதவீதம் கூடுதல் ஆற்றல் செலவானது. கையை வீசவிடுங்கள். முழங்கை லேசாக மடங்கி, தோளிலிருந்து தானாக ஆடினால் போதும். ராணுவ அணிவகுப்பு வேண்டாம்.

பை விஷயத்தில் மும்பைக்காரர்களுக்கென்றே ஒரு தவறு இருக்கிறது. ரயிலில் முதுகுப் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்வோம். மற்றவர்களுக்கு இடைஞ்சல் இருக்காது, திருட்டுக்கும் பயமில்லை, நல்ல வழக்கம். ஆனால் இறங்கிய பிறகும் அப்படியே ஆபீஸ் வரை நடப்போம். முன்னால் பாரம் இருந்தால் உடம்பு பின்னால் சாயும், கீழ்முதுகு வளையும். பிளாட்பாரத்தில் ஒரு ஓரமாக நின்று பின்னால் மாற்றிக்கொண்டு, இரண்டு வாரையும் மாட்டி, பை இடுப்புக்குக் கீழே தொங்காதபடி இழுத்துவிட்டு நடங்கள். ஒற்றைத் தோள் பை என்றால் போகும்போது ஒரு தோள், வரும்போது மறு தோள். பிள்ளைகளின் பையையும் ஒரு தடவை எடை போட்டுப் பாருங்கள். 2020-இன் பள்ளிப் பைக் கொள்கை, பை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்கிறது. முப்பது கிலோ பிள்ளைக்கு மூன்று கிலோ.

செருப்பு

மழைக்காலத்தில் போடும் ரப்பர் செருப்பு காலில் நிற்க வேண்டுமே என்று விரல்கள் அதைக் கவ்விப் பிடிக்கும். விரல் மடங்கினால் கட்டைவிரல் உந்தாது. தண்ணீருக்கு ஏற்றது, ஆனால் பின்வார் இருப்பதாக வாங்குங்கள். தேய்ந்த செருப்பைத் தைத்துத் தைத்துப் போடாதீர்கள். குதிகாலின் வெளி ஓரம் கொஞ்சம் தேய்வது எல்லோருக்கும் உண்டு. இரண்டு செருப்பும் வேறு வேறு மாதிரி தேய்ந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றுவது

தலை, தோள், கை, குதிகால், கட்டைவிரல் என்று எல்லாவற்றையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு நடந்தால் நடக்கவே மறந்துவிடும். ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவில் காலையில் நடக்கும்போது முதல் ஐந்து நிமிடம் மட்டும் ஒரே ஒரு விஷயத்தைக் கவனிப்பேன். இரண்டு வாரம் தோள், அடுத்த இரண்டு வாரம் கட்டைவிரல். மீதி நேரம் பேசிக்கொண்டு, மரத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பேன். வீட்டில் யாரையாவது பின்பக்கமிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பத்து எட்டு போனில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். எப்போது பிடிக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் நடை மாறிவிடும்.

பத்தாயிரம் எட்டு நடந்தே ஆக வேண்டும் என்று வலியோடு இழுத்து இழுத்து நடப்பதும் தவறு. அந்த எண் 1965-இல் ஜப்பானில் விற்ற ஒரு நடை எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. மான்போ-கேய் என்றால் பத்தாயிரம் எட்டு அளவி. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உழைப்பு வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு. நடை கெட்ட பிறகும் எண்ணை முடிப்பதற்காக நடந்தால் கெட்ட நடைதான் பழகும்.

திருத்தக் கூடாத நடை

சில மாற்றங்களைப் பழக்கம் என்று நினைத்து நாமே திருத்திக்கொண்டிருக்கக் கூடாது, டாக்டரிடம் போக வேண்டும். ஒரு கை மட்டும் வீசாமல் போவது, எட்டு சின்னதாகித் தரையை உரசுவது, பாதத்தின் முன்பகுதி தூக்க முடியாமல் தட்தட்டென்று விழுவது, சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதம் மரத்துச் செருப்பு கழன்றது கூடத் தெரியாமல் போவது, இதெல்லாம் அந்த வகை. நடை திடீரென்று தள்ளாடி, கூடவே வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ அடுத்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

அம்மாவின் கைத்தடி

அம்மாவுக்கு 74 வயசு. வலது முழங்காலில் தேய்மானம். கைத்தடி வாங்கிக்கொடுத்த நாளிலிருந்து அதை வலது கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். வலிக்கிற பக்கம்தானே தாங்கல் வேண்டும்? எங்கள் எல்லோருக்கும் அதுதான் சரியென்று பட்டது. ரோட்டில் பார்த்தால் பத்தில் பாதிப் பேர் இப்படித்தான் பிடிக்கிறார்கள்.

பிசியோதெரபிஸ்ட் ஒன்றும் சொல்லாமல் தடியை வாங்கி இடது கையில் கொடுத்தார். "இப்போ வலது காலையும் தடியையும் சேர்ந்தாப்பல வையுங்க." அம்மா நாலு எட்டு வைத்தாள், நின்றாள், என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஒரு வருஷமா தப்பாவாடி பிடிச்சிருக்கேன்?"

காரணம் இதுதான். வலது கால் மட்டும் தரையில் இருக்கும் அந்த நொடியில் இடுப்பின் இடது பக்கம் சரியப் பார்க்கும். அதைச் சரியாமல் பிடிக்க வலது இடுப்புத் தசை பலமாக இழுக்கும், அந்த இழுப்பும் சேர்ந்து மூட்டை அழுத்தும். இடது கையில் தடி இருந்தால் சரியும் பக்கத்தைத் தடி தாங்கிக்கொள்ளும். தடியை வலியுள்ள பக்கமே பிடித்தால் உடம்பு அந்தக் காலின் மேலேயே சாய்கிறது. கையும் காலும் எதிரெதிராக ஆடும் இயல்பான தாளமும் போய்விடுகிறது.

உயரத்திலும் தப்பு செய்திருந்தோம். வெளியே போடும் செருப்பைப் போட்டுக்கொண்டு, கையைத் தொங்கவிட்டு நின்றால் தடியின் பிடி மணிக்கட்டு ரேகைக்கு வர வேண்டும். அம்மாவுடையது இரண்டு அங்குலம் கூடுதல். அதனால் ஒரு தோள் எப்போதும் தூக்கிக்கொண்டே இருந்தது.

படிக்கு ஒரு விதி இருக்கிறது. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். தடி எப்போதும் வலிக்கிற காலோடு போகும். இன்னொரு கை கைப்பிடிக் கம்பியில். ரயில் வந்து நின்றதும் பாலத்தில் கூட்டம் பாய்ந்து ஏறும். அது போகட்டும் என்று இரண்டு நிமிடம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு அப்புறம் ஏறுகிறோம். அவள் கையை நான் பிடித்து இழுப்பதையும் நிறுத்திவிட்டேன். என் முழங்கையை அவளிடம் கொடுத்துவிடுகிறேன், வேண்டும்போது அவளே பிடித்துக்கொள்கிறாள். நாம் பிடித்தால் அவர்கள் எட்டும் நம் வேகத்துக்குப் போய்விடும்.

இப்போது பாலத்தின் படியில் அம்மா வாய்விட்டே சொல்லிக்கொண்டு ஏறுவாள், "நல்ல கால், தடி, வலிக்கிற கால்." போன வாரம் முன்னால் போன ஒரு மராத்திப் பெரியவர் நின்று பார்த்துவிட்டுத் தன் தடியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

கடைசியாக ஒன்று, மழை வருவதற்குள் செய்துவிடுங்கள். தடியின் நுனியில் இருக்கும் ரப்பர் மூடியைக் கழற்றிப் பாருங்கள். அடியில் வளையம் வளையமாகக் கோடு இருக்க வேண்டும். அது மழுங்கியிருந்தால் ஈரமான டைல்ஸில் தடி வழுக்கும், ஆளும் சேர்ந்து விழுவார். மருந்துக்கடையிலோ மருத்துவ உபகரணக் கடையிலோ அது தனியாகக் கிடைக்கும். பழைய மூடியைக் கையோடு கொண்டு போனால் அளவு சரியாகப் பார்த்து வாங்கலாம்.